லிஃப்ட் காட்சி, ஒரே டேக்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

முதல் டிஸ்க் வந்து சேர்ந்தது. வேன்காரர் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் டீசல் கேனுக்கும் நடுவுல சொருகிக் கொண்டுவந்தார். அடுத்த தடவை ஒரு டப்பாவுலயாவது போட்டு அனுப்புங்க. அத்தனை பேர் ரெண்டு வாரம் உழைச்சது அதுக்குள்ள இருக்கு.

முதல்ல ஒரு விஷயம் பேசிடலாம். நீங்க கட் சொன்னதும் கேமரா நிக்கும். சட்டையில குத்தி வைக்கிற மைக் நிக்காது. அதை யாராவது அணைக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். இது தெரியாத டைரக்டரா நீங்க? உங்க கதாநாயகி, அதான் நம்ம சின்னவ பக்கத்துல நின்னுக்கிட்டு, "உங்கக்கா ஒரு தையல் மெஷின். துணியைக் குடுத்தா வெட்டித் தைக்கணும். எனக்குக் கதை சொல்லித்தர வர்றாங்க"ன்னு பேசியிருக்கீங்க. எடிட்டிங் ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு காதுலயும் ஜோரா விழுந்தது. தங்கச்சி புருஷனாப் போயிட்டீங்க, வாங்க போங்கன்னுதான் எழுதியாகணும். அதுக்கு அவ சிரிச்சதும் கேட்டது. அவளுக்குத் தனிக் கடிதம் இதோடவே வருது.

சரி, தையல் மெஷின் சொல்றதைக் கேட்டுக்கோங்க.

நல்லா இருக்கிறது: முதல் சாவு. சும்மா சொல்லக்கூடாது, உடம்பு சில்லிட்டுப் போச்சு. அந்த பேங்க் கிளார்க் வீடியோ கேம்ல தண்ணி நிறைஞ்ச மாடியில தோத்துப்போறான். அப்புறம் குளியலறையில வாளி நிரம்பி வழியற சத்தம், கதவுக்குக் கீழே மெதுவா வெளிய வர்ற தண்ணி. அவ்வளவுதான் காட்டுறீங்க. பிணத்தைக் காட்டவே இல்லை. அந்த ஒரு இடத்துக்காக உங்களை மன்னிக்கலாம்னு நினைச்சேன்.

அடுத்த சாவு வந்தது, நினைப்பை மாத்திக்கிட்டேன். காவல்காரர் சாகறப்போ எத்தனை லிட்டர் மாப்பிள்ளை அது? மனுஷனுக்குள்ள அவ்வளவு ரத்தம் கிடையாது. விளையாட்டுலேர்ந்து வர்ற அந்தப் பேய் பெயிண்ட் டப்பாவுக்குள்ள விழுந்து எழுந்து வந்த மாதிரி இருக்கு. அப்புறம் லைப்ரரியில ஒரு தாடிக்காரர் வந்து அந்த விளையாட்டோட சரித்திரத்தையே ஒப்பிச்சிட்டுப் போறாரே, யாருங்க அவர்? அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. மூணாவது காட்சியில திரையில பெரிசா எழுத்து வருது: தோத்தவர் விடியறதுக்குள்ள, விளையாட்டுல செத்த மாதிரியே சாகணும். நல்ல விதி. ஆனா காவல்காரர் ரெண்டு நாள் கழிச்சு சாகறார். கிளார்க்கோட தங்கச்சி தோக்கவே இல்லை, அவளும் சாகறா. விதி தெரிஞ்சாத்தான் பார்க்கிறவனுக்குப் பயம் வரும். உங்க இஷ்டத்துக்கு மாத்தினா அது பேய்ப்படம் இல்லை, மோசடி.

சின்னவ எப்படி இருக்கா? ஷூட்டிங்குக்குப் பிடிச்ச அந்த மலை ஹோட்டல்ல செல்போன் டவர் இல்லாததாலதான் வாடகை கம்மின்னு பெருமைப்பட்டுக்கிட்டீங்க. இப்போ நான் பேனாவும் பேப்பருமா உக்காந்திருக்கேன்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் மெஷின் விஷயத்துல நான் மாட்டிக்கிட்டேன், தப்புதான். சவுண்ட்காரரை ஒரு பிடி பிடிச்சேன். அவர், "மைக்கைக் கழட்டுன்னு நீங்க எப்போ சார் சொன்னீங்க"ன்னு என்னையே கேட்கறார். இந்த யூனிட்ல எனக்கு மரியாதை அவ்வளவுதான்.

ஆனா விதி விதின்னு பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க அக்கா. பேய்க்கு என்ன விதி? டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் கையில கடிகாரத்தோடவா உக்காந்திருப்பான், காவல்காரர் விடியறதுக்குள்ள செத்தாரா இல்லையான்னு? பயம் வந்தா போதும். தாடிக்காரர் முதலாளியோட சம்பந்தி. தயாரிப்பாளரை முதலாளின்னு கூப்பிடறதே இதுக்குத்தான். அவர் வேண்டாம்னு சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை, உங்களுக்கு இருந்தா நீங்க சொல்லுங்க.

இந்த மாசக் கடைசியில படம் வாங்கற ஆளுங்களுக்குப் பத்து நிமிஷம் போட்டுக் காட்டணும். அது பிடிக்கலைன்னா படம் பெட்டிக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான். இதுவரைக்கும் எடுத்ததுல அந்த வாளி காட்சியைத் தவிர ஒண்ணும் தேறலைன்னு எனக்கே தெரியும். வெளிய சொல்லிக்கல, அவ்வளவுதான்.

எல்லாம் லிஃப்ட் காட்சியிலதான் இருக்கு. கதாநாயகி ஒவ்வொரு மாடியா கீழே இறங்கற விளையாட்டு நிஜமாவே அவளை லிஃப்டுக்குள்ள வச்சுப் பூட்டிடுது. கூரை மூலையில ஒரு சின்ன கேமரா, உள்ள வேற யாரும் இல்லை. சின்னவளுக்கு மூடின இடம்னாலே ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடாதவ அவ. அதனால லிஃப்டோட பின்பக்கத் தகடைக் கழட்டிட்டோம். முன்னாடி கதவு மூடினாலும் திரும்பினா எங்க எல்லாரையும் பார்க்கலாம். அதுவும் போதாதுன்னு ஒரு வார்த்தை பேசி வச்சிருக்கோம். வசனத்துல "கதவைத் திறங்க"ன்னு நிறைய வருது, அதனால நிஜமா பயந்தா அவ "அக்கா"ன்னு கூப்பிடணும். கதையில கதாநாயகிக்கு அக்கா கிடையாது. அந்தச் சொல் வந்தா அடுத்த நொடி கட். நீங்க இங்க இல்லாமலேயே காவலுக்கு இருக்கீங்க, போதுமா?

அவ நல்லா இருக்கா. குளிருதுன்னு என் ஸ்வெட்டரையும் சேர்த்துப் போட்டுக்கிட்டுத் திரியறா.

உங்கள்
மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

ரெண்டாவது டிஸ்க் வந்தது. தலையில அடிச்சுக்கிட்டேன்.

பதினோராவது காட்சியில கதாநாயகி ஜாய்ஸ்டிக்கைக் கையில வச்சுக்கிட்டு விளையாடறா. திரையில "தோற்றாய்"ன்னு வருது. நல்லா வெளிச்சமா, ஃபோகஸ் சுத்தமா, குளோசப்ல வருது. அப்போ அவ செத்திருக்கணும். மறுநாள் காலையில காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா! இந்தப் படம் பாதியிலேயே முடிஞ்சிருக்கணும். மிச்சப் பாதியை யாரை வச்சு எடுக்கறீங்க? யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு எழுதாதீங்க. வீடியோ கேம் விளையாடறவங்க அதைத்தான் முதல்ல கவனிப்பாங்க.

இன்னொண்ணு. அந்தப் பேயை ஏவி இவங்களையெல்லாம் கொல்றது யாரு? அந்த விளையாட்டுக்கு ஒரு முகம் இல்லை, ஒரு குரல் இல்லை. ஒரு பெட்டி, அதுல நாலு எழுத்து. பெட்டியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்து வேடிக்கை பார்க்கிறான்னு தோணணும். தாடிக்காரர் பேசற அத்தனையும் தூக்கிட்டு இதுக்கு ஒரு வழி பண்ணுங்க.

பின்பக்கத் தகடைக் கழட்டினது நல்ல காரியம். சின்ன வயசுல ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல ஒரு சாயந்திரம் முழுக்கப் பூட்டிக் கிடந்தவ அவ. வெளிய வந்தப்போ அழக்கூட இல்லை, சிரிச்சா. பயம் ரொம்ப அதிகமானா அவளுக்குச் சிரிப்பு வரும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அக்கா


மார்ச் 13

அக்கா! அக்கா! அக்கா!

எடுத்துட்டோம். ஒரே டேக், நாலு நிமிஷம். முடிஞ்சதும் யூனிட்ல ஒருத்தர் பாக்கி இல்லாம கை தட்டினாங்க. லைட் தூக்கறவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். முதலாளி அன்னைக்குன்னு பார்த்து வந்திருந்தார், மானிட்டர்ல பார்த்துட்டு என் தோளைப் பிடிச்சுக் குலுக்கினார். பத்து நிமிஷ ரீலே வேண்டாம், இந்த நாலு நிமிஷத்தை அப்படியே போட்டுக் காட்டினா போதும்கிறார்.

நீங்க சொன்னதெல்லாம் சரியாவே இருக்கட்டும். விதி இல்லை, முகம் இல்லை, தாடிக்காரர் தண்டம். இந்த ஒரு காட்சி எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும். இவளுக்குள்ள இவ்வளவு நடிப்பு இருக்குன்னு கூடவே வாழற எனக்கே தெரியலை.

கடைசி நேரத்துல ஒரு சின்ன மாத்தம் பண்ண வேண்டியிருந்தது, அதை நேர்ல சொல்றேன். வெளிய வந்ததும் "நல்லா வந்துச்சா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. லேசா காய்ச்சல், ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்திருக்கேன்.

சீக்கிரம் வெட்டி அனுப்புங்க. இல்லை, வெட்டவே வேண்டாம், அப்படியே வைங்க!

மாப்பிள்ளை


மார்ச் 17

பார்த்தேன்.

மூணு தடவை பார்த்தேன். முதல் தடவை எடிட்டரா, ரெண்டாவது தடவை அவ அக்காவா. மூணாவது தடவை ஏன் பார்த்தேன்னு தெரியலை.

அந்தச் சின்ன மாத்தம் என்னன்னு நேர்ல வேற சொல்லணுமா? ஒரு நிமிஷம் ஓடினதும் அவளுக்குப் பின்னாடி இருந்த வெளிச்சம் போகுது. அவ திரும்பிப் பார்க்கிறா. திறந்திருந்த பக்கத்துல தகடு இருக்கு. அவகிட்ட சொல்லாம மூடியிருக்கீங்க. அந்த முகத்துல அப்போ வந்ததை நடிப்புன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இதையாவது லைட் ஸ்டாண்டு தெரிஞ்சது, கேபிள் தெரிஞ்சதுன்னு பூசி மெழுகலாம். ரெண்டாவது நிமிஷத்துல அவ "அக்கா"ன்னு கூப்பிடறா. கதவைத் திறங்கன்னு இல்லை, காப்பாத்துங்கன்னு இல்லை, "அக்கா"ன்னு. நீங்க பேசி வச்சுக்கிட்ட அதே வார்த்தை. ஏழு தடவை கூப்பிடறா. நீங்க கட் சொல்லலை.

கேட்டிருக்காதோன்னு நினைச்சேன். உங்களுக்காக நானே ஒரு சாக்கு தேடினேன், பார்த்துக்கோங்க. அப்புறம்தான் வெளிய சவுண்ட்காரர் பிடிச்சிருந்த மைக்கோட டிராக்கைப் போட்டேன். உங்க அசிஸ்டென்ட் பொண்ணு கேட்கிறா, "சார், அக்கான்னு கூப்பிடறாங்க சார், கட் பண்ணிடலாமா?" அதுக்கு உங்க குரல்: "ஓடட்டும். நல்லா வருது."

ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டுத்தான் இதை எழுதறேன்.

படத்துல இருக்கிற பெரிய ஓட்டை என்னன்னு ரெண்டு கடிதமா கத்திக்கிட்டு இருந்தேன். விதியைச் சொல்லிட்டு நடுவுல மாத்தறீங்கன்னு. கட்டினவகிட்டயும் அதேதான் பண்ணியிருக்கீங்க. அங்க கதாநாயகி, இங்க என் தங்கச்சி.

வயிறெரிஞ்சு இன்னொண்ணும் சொல்றேன். உங்க படத்துலயே உயர்ந்த காட்சி இதுதான். எத்தனையோ படம் வெட்டியிருக்கேன், இப்படி ஒரு பயத்தை நான் திரையில பார்த்ததில்லை. அதனாலதான் இதைத் தொட மாட்டேன்கிறேன். ரீல்ல வைக்க மாட்டேன், முதலாளி தலைகீழா நின்னாலும் சரி.

அவளுக்கு எழுதிக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, நல்லா இருக்கேன்"னு ஒத்தை வரி பதில். நீங்க கேட்டும் நிறுத்தலைங்கிறது அவளுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா ஷூட்டிங் முடிஞ்சு அவ இங்க வர்ற அன்னைக்கு அந்த டிராக்கை நான் போட்டுக் காட்டுவேன்.


மார்ச் 20

அக்கா,

உங்க கடிதத்தை ஜெனரேட்டருக்குப் பின்னாடி நின்னு படிச்சேன். ரூம்ல அவ இருந்தா.

என்னைக் கொலைகாரன் மாதிரி எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல என்ன நடந்ததுன்னு நான் சொல்றதையும் கேளுங்க. முதலாளி பக்கத்துல நிக்கிறார். லிஃப்டுக்குள்ள இருக்கிற கண்ணாடியில லைட் ஸ்டாண்டு தெரியுது, அது நிஜம்தான். தகடை வைக்கச் சொன்னேன். அவகிட்ட சொல்ல வாயெடுத்தேன், கேமரா ஓடிக்கிட்டிருந்தது, நின்னா மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும். மானிட்டர்ல அந்த முகம் வந்தது. இத்தனை வருஷத்துல என் படத்துல அப்படி ஒரு முகம் வந்ததே இல்லைக்கா. ஒரு நொடி, இன்னும் ஒரு நொடின்னு பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். அவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியவே இல்லை.

அன்னைக்கு சாயந்திரம் அவ கேட்டா. "நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?" நான் இல்லைன்னு சொன்னேன். ஜெனரேட்டர் சத்தம்னேன். அவ சரின்னு தலையாட்டிட்டு முகம் கழுவப் போயிட்டா. அதோட முடிஞ்சது. இப்போ போய்க் கிளறினா என்ன ஆகும்? அவளாவே மறந்துக்கிட்டு வர்றா. நேத்து ஜோக்கெல்லாம் சொன்னா.

முதலாளி ரீலுக்கு அவசரப்படுத்தறார். உங்களால முடியாதுன்னா வேற எடிட்டரைப் பார்க்கச் சொல்றார். நான் அதுக்கு ஒத்துக்கலை, அது என் வாக்கு. ஆனா ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அந்த வெளி டிராக்கை அழிச்சிடுங்க. உள்ள அவ மைக் போதும். வெளியில நடந்தது யாருக்கும் வேண்டாம். உங்க கையைக் காலா நினைச்சுக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 21

வேன் இன்னைக்கே திரும்புது, அதனால சுருக்கமா எழுதறேன்.

வெளி டிராக்கை அழிச்சுப் பிரயோஜனமில்லை. நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, உள்ள இருக்கிற டிராக் மட்டும் எப்படி இருக்குன்னு தனியாப் போட்டுக் கேட்டேன். அவ சட்டையில குத்தின மைக். அவ மூச்சு, அழுகை. அதுக்குக் கீழே கொஞ்சம் மங்கலா, ஆனா தெளிவா: "ஓடட்டும். நல்லா வருது."

தகடுக்கு அந்தப் பக்கம் கையெட்டற தூரத்துல நின்னிருக்கீங்க. அவ நெஞ்சுல இருந்த மைக்குக்குக் கேட்டது அவ காதுக்குக் கேட்டிருக்காதா?

ஜெனரேட்டர் சத்தம்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அவ உங்களைக் கேட்டது தெரிஞ்சுக்கிறதுக்காக இல்லை மாப்பிள்ளை.


மார்ச் 24

அக்கா,

சொல்லிட்டேன்.

உங்க கடிதம் கையில கிடைச்சதும் அப்படியே போனேன். மேக்கப் ரூம்ல, அதாவது அந்த ஹோட்டலோட பழைய துணி வெளுக்கற அறையில, பஞ்சு வச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தா. கதவு முழுசாத் திறந்து, நாற்காலி முட்டுக் குடுத்திருந்தது. அங்க எல்லாக் கதவுக்கும் இப்போ நாற்காலி முட்டுக் குடுத்திருக்குன்னு எனக்கு அப்போதான் உறைச்சது. இத்தனை நாளா அதைத் தாண்டித்தான் போய்க்கிட்டு இருந்திருக்கேன்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு"ன்னேன். அவ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, "தெரியும்"னா. "அப்புறம் ஏன் கேட்டே?"ன்னேன். "நீங்க என்ன சொல்வீங்கன்னு பார்க்கத்தான்"னா. கோபமாச் சொல்லலை. கடையில விலை சொல்ற மாதிரி சொன்னா.

மன்னிச்சிடுன்னு ஆரம்பிச்சேன். "அதை இப்போ சொல்லாதீங்க, நாளைக்கு மலை உச்சிக் காட்சி இருக்கு, என் கண்ணு வீங்கிடும்"னு சொல்லிட்டா. மிச்சம் நாலு நாள் ஷூட்டிங்கை முடிச்சுக் குடுத்துடுவாளாம், இத்தனை பேர் உழைப்பு வீணாகக் கூடாதாம். அப்புறம் வேன்ல உங்ககிட்ட வர்றாளாம். என்னோட இல்லை.

இதோட நிக்கலை. ஒரு நிபந்தனை போட்டிருக்கா. லிஃப்ட் காட்சி படத்துல இருக்கணுமாம். முழுசா. என் குரலும் அதுல இருக்கணுமாம். "கொல்றது யாருன்னு படத்துல தெரியவே இல்லைன்னு அக்கா புலம்பிக்கிட்டிருந்தாளே, இனிமே தெரியும்"னா. யூனிட்ல அத்தனை பேருக்கும் அது என் குரல்னு தெரியும். வேணும்னா வேற யாரையாவது வச்சு டப்பிங் பண்ணலாம்னேன். அதுக்குத்தான் அவ முதல் தடவையா என்னைத் திரும்பிப் பார்த்தா. பஞ்சைக் குப்பையில போட்டுட்டு வெளிய போயிட்டா.

நான் என்ன பண்ணட்டும்? நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?


ஏப்ரல் 14

மாப்பிள்ளைக்கு,

நான் எடுத்துச் சொல்ல மாட்டேன். உங்க வீட்டு வக்கீலா நான்?

சின்னவ என் வீட்லதான் இருக்கா. சாப்பிடறா, தூங்கறா, ஹால்ல விளக்கைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா. டப்பிங்குக்கு வந்தா. அந்தச் சின்ன அறைக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே பேசினா. தெருவுல போன பஸ் சத்தமெல்லாம் விழுந்திருக்கு, அதை எடுக்கிறதுக்குள்ள எனக்குப் பிராணன் போச்சு. லிஃப்ட் காட்சியை மட்டும் அவ பார்க்கலை. நான் போட்டா வெளிய போயிடறா.

உங்க குரலை வச்சுப் பார்த்தேன். அது மனசுக்குப் பிடிக்காத வேலை, ஆனா என் வேலை. லிஃப்ட்ல மட்டும் வச்சா யாரோ வெளியாள் பேசற மாதிரி இருக்கு. அதனால முதல் சாவுலயே அந்தக் குளியலறைத் தண்ணிக்குக் கீழே ரொம்ப மெல்ல வச்சேன். காவல்காரருக்கும் வச்சேன். பதினோராவது காட்சியில அவ தோத்துட்டும் சாகலையே, அங்கயும் வச்சேன். "ஓடட்டும். நல்லா வருது." இப்போ அவ ஏன் சாகலைன்னு புரியுது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவனுக்கு அவளை இன்னும் கொஞ்சம் பார்க்கணும். விதியெல்லாம் அவன் வச்சதுதான், மாத்தறதும் அவன்தான். நான் மூணு கடிதமா கத்தின அத்தனை ஓட்டையும் அடைஞ்சு போச்சு. தாடிக்காரரைத் தூக்கிட்டேன், முதலாளி தடுக்கலை. பத்து நிமிஷ ரீலைக் கைவிட்டு, முழுப் படத்தையே போட்டுக் காட்டலாம்னுட்டார்.

பேய் இன்னும் பெயிண்ட் டப்பாவாத்தான் இருக்கு. ரத்தம் இன்னும் அதிகம்தான். ஆனா படம் நல்ல படம் மாப்பிள்ளை. உங்களோடதுலயே நல்ல படம். அதைச் சொல்றப்போ எனக்கு எப்படி இருக்குன்னு உங்களுக்குப் புரியாது.

ரெண்டு பிரதி தயார் பண்ணியிருக்கேன். ஒண்ணுல உங்க குரல் இருக்கு. இன்னொண்ணுல இல்லை, லிஃப்ட் காட்சியும் இல்லை. சின்னவ சொன்னா, "அவர் எதை வேணும்னாலும் அனுப்பச் சொல்லட்டும்க்கா, எனக்கு அவர் எதைச் சொல்றார்னு தெரிஞ்சா போதும்". டைரக்டர் நீங்க. எதை அனுப்பட்டும்?

அக்கா


மே 9

அக்கா,

குரல் இருக்கிற பிரதியை அனுப்பச் சொன்னதை அவகிட்ட சொல்லிட்டதா எழுதியிருந்தீங்க. கேட்டுட்டு அவ சாப்பாடு போடப் போயிட்டாளாம். சரி.

நேத்து முதல் தடவையா வெளியாளுங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. படம் வாங்கறவங்க, அவங்க குடும்பம், தியேட்டர்காரங்க. நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் கடைசி வரிசையில ஓர சீட்டா, வெளிய போற கதவுக்குப் பக்கத்துல அவளுக்குன்னு ஒண்ணு பிடிச்சு, என் பையை வச்சிருந்தேன். விளக்கு அணையறப்போ உங்க வயசு இருக்கிற ஒரு அம்மா வந்து, "யாராவது வர்றாங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. இல்லைங்கன்னு பையை எடுத்துக்கிட்டேன்.

வாளி காட்சிக்கு யாரும் மூச்சே விடலை. பேய் வந்தப்போ நாலு பேர் சிரிச்சாங்க, நீங்க சொன்னது சரிதான். லிஃப்ட் வந்தது. அவ "அக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. நான் இதுவரைக்கும் அதை மானிட்டர்லதான் பார்த்திருந்தேன், ஒரு சின்னப் பெட்டியில. இவ்வளவு பெரிசாப் பார்த்ததில்லை. எண்ணினேன், ஏழுதான். அப்புறம் தியேட்டர் முழுக்க என் குரல். முன் வரிசையில யாரோ கெட்ட வார்த்தையில திட்டினாங்க. பக்கத்துல இருந்த அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, "எந்தப் படுபாவிடா அவன், கேட்டுக்கிட்டே நிக்கிறானே"ன்னு சொன்னாங்க.

என்ன தோணுச்சோ தெரியலை, "நான்தாங்க"ன்னு சொன்னேன்.

அவங்க திரும்பிப் பார்த்தாங்க. அப்படியே முகம் மலர்ந்து போச்சு. என் கையைத் தட்டிக் குடுத்து, "அப்படியா? அடேயப்பா, எவ்வளவு நல்லா நடிச்சிருக்கே தம்பி!"ன்னாங்க.

அப்படியே விட்டிருக்கலாம்க்கா. வாய்க்கு வந்துடுச்சு. "நடிக்கலைங்க. அந்தப் பொண்ணு என் சம்சாரம். அவ நிஜமாவே கூப்பிட்டா, நான் நிஜமாவே அதைச் சொன்னேன்"னேன்.

அவங்க கையை எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. தன் கைப்பையை எடுத்துக்கிட்டு எழுந்து, இருட்டுல தடவித் தடவிப் போய் நாலு வரிசை தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.